சௌமியாவுக்கு இரும்பு கொடுத்த விதம்

வெற்றியின் மனைவி சௌமியா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த மாதத்தில், முகத்துவாரக்குப்பத்தில் இருந்த இரும்புச் சாமான்கள் ஒவ்வொன்றாக அவளிடம் போய்ச் சேர்ந்தன. முதலில் போனது வாசல் கதவின் தாழ்ப்பாள் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. தாழ்ப்பாளுக்கு முன்பே, குழந்தையின் இடுப்புத் துணியில் குத்தியிருந்த ஊக்கு தானாகக் கழன்று, பாயின் மேல் ஊர்ந்து வந்து, அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை. தலையைத் தூக்கினாலே கண் இருட்டிக்கொண்டு வந்த நேரம். அந்தக் கண்ணை நம்பி ஊக்கு நடந்தது என்று சொன்னால் யார் கேட்பார்கள் என்று இருந்துவிட்டாள். பிறகு தையல் ஊசி வந்தது, நகவெட்டி வந்தது, தாழ்ப்பாள் வந்தது. பக்கத்து வீட்டு சாண்ட்ராவின் தோசைக்கல் சந்து வழியாக வந்து நிலைப்படி ஏறி, அவள் கால்மாட்டில் படுத்துக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. எவர்சில்வர் தட்டுகளும் அலுமினியக் குண்டான்களும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆகவே இது பேய் பிசாசு வேலை இல்லை, பேய்க்கு எவர்சில்வர் என்ன, இரும்பு என்ன என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிவுக்கு வந்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு சொல்தான். சௌமியா பெரம்பூர்க்காரி. அப்பா லோகநாதன் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். அம்மா அவள் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டாள். திருவொற்றியூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தபோது, கண்ணாடி உடைந்த போனோடு வந்தவன் வெற்றி. மாற்றிக் கொடுத்த கண்ணாடியை அடுத்த வாரமே உடைத்துக்கொண்டு வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். அவன் உடைத்த கண்ணாடிகளை நம்பி அவள் கடலோரம் வாழ வந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும் என்பது வழக்கம். தாய் இல்லாத வீட்டில் யார் பார்ப்பது என்று மாமியார் குணசுந்தரியே பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிற்று. வெளியிலிருந்து ரத்தம் ஏற்றி, ஆளை ஒருவழியாகத் தேற்றி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் கூட்டத்துக்கு நடுவே ஒரு நர்ஸ் மாத்திரை அட்டைகளைக் கையில் திணித்து, "ரெத்தம் ரொம்ப கம்மியா கீதும்மா. இரும்பு பத்தல. வூட்டுக்குப் போய் நல்லா இரும்பு குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

குணசுந்தரிக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போனது. பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பு வைத்தால் காத்து கருப்பு அண்டாது என்று அவள் நினைவு தெரிந்த காலத்திலிருந்து அறிந்திருந்தாள். இங்கிலீஷ் மருந்து படித்தவர்களும் அதையே சொல்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! வந்த அன்றே அரிவாள்மணையைத் தலைமாட்டில் வைத்தாள். மாத்திரையையும் ஒரு நாள் கொடுத்துத்தான் பார்த்தாள். மறுநாள் சௌமியாவுக்கு வெளிக்குக் கறுப்பாகப் போனது. கீழே கறுப்பாகப் போவது மார்பிலும் கறுப்பாகத்தானே இறங்கும்? பேரன் ஏற்கெனவே வெற்றியைப் போலக் கரிக்கட்டை நிறம்; பெரம்பூர் நிறம் கொஞ்சம் மேலே ஏறி வரும் என்று அவள் மனசுக்குள் ஒரு ஆசை வைத்திருந்தாள். அட்டைகளைக் கொண்டுபோய்க் கழிமுகத்தில் எறிந்தாள். அந்த வருடம் கழிமுகத்து மீன்களுக்கு ரத்தம் நன்றாக ஊறியிருக்கும்.

மருமகள் வெளுக்க வெளுக்க, குணசுந்தரி இரும்பைக் கூட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் செய்தது அத்தனையும் பாசத்தில் செய்தது. பழைய நங்கூரத்தின் ஒரு கொக்கி, உலக்கைப் பூண், கழற்றிப்போட்ட சைக்கிள் சங்கிலி எல்லாம் பாயைச் சுற்றி வந்தன. மாமனார் தாமோதரன் தன் பங்குக்கு வலையில் கட்டும் குண்டுகளை ஒரு கூடை கொண்டுவந்தார். அது ஈயம் என்று திட்டு வாங்கித் திரும்ப எடுத்துப்போனார். சாப்பாட்டில்தான் பத்தியம். பூண்டுக் குழம்பும் சோறும், பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டும் கிடைத்தன. கீரை தின்றால் குழந்தைக்குப் பச்சையாகப் போகும், ஈரல் சூடு, முட்டை வாயு. பசித்தால் டீ கொடுத்தார்கள், பசி போன பிறகும் டீ கொடுத்தார்கள். சௌமியாவுக்கு வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. நகங்கள் நடுவில் குழிந்து மேலே வளைந்தன. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்து நக்குவாள். எண்ணூர் உப்புக் காற்றில் துருவுக்குப் பஞ்சமில்லை. நாக்கில் துரு பட்டதும் வேலைவிட்டு வரும் அப்பாவின் சட்டை வாசனை வரும். அழுகையும் வரும். அழுவதற்குத் தெம்பு இருக்காது.

சாண்ட்ரா ராயபுரத்துப் பெண், வில்சனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள். காலையில் எழுந்ததும் தோசைக்கல் போய்விட்டதைப் பார்த்து அவள் ஒரு நாளும் கோபித்ததில்லை. மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். "உன்னாண்ட வந்து குந்திக்குது, நான் இன்னா பண்றது சௌமி" என்று சிரித்துக்கொண்டே அங்கேயே அடுப்பை மூட்டி, குணசுந்தரி பார்க்காத நேரத்தில் முருங்கைக் கீரை தூவிய தோசை ஒன்றை அவள் வாயில் திணித்துவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த மாதத்தில் சௌமியாவை இருக்கிறாயா என்று கேட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

அதற்கு முந்தைய டிசம்பர் புயலில் குப்பத்துப் படகுகள் கவிழ்ந்து, டீசல் இஞ்சின்கள் முகத்துவாரச் சேற்றில் போய்விட்டன. வெற்றியின் இஞ்சினும் அதில் ஒன்று. சொந்தப் படகைக் குப்புறப் போட்டுவிட்டு அவன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். இந்த நிலையில் ஒரு நாள், குழந்தைக்கு இளவெயில் காட்ட சௌமியாவைக் கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் கலங்கியது. யாரோ எந்தக் காலத்திலோ தொலைத்த நங்கூரம் ஒன்று நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்து, அவள் பாதத்துக்கு எதிரில் கவிழ்ந்து படுத்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஊர்த் தலைவர் டில்லிபாபுதான் முதலில் பேசினார். "வெற்றி, உன் இஞ்சினு எங்க உயுந்துச்சோ அதுக்கு நேரா தங்கச்சிய குந்த வையேன்டா" என்றார். வெற்றி அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டுபோய் உட்கார வைத்தான். மறுநாள் மதியத்துக்குள் இஞ்சின் வந்துவிட்டது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை உண்மையானது. அவளும் சந்தோஷப்பட்டாள், தன்னால் வீட்டுக்கு ஒன்று ஆயிற்றே என்று.

அடுத்த வாரமே கரையில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வாங்கிப் போட்டார்கள். இரும்பே இல்லாத நாற்காலியாகப் பார்த்து வாங்கியதில் ஊரின் புத்திசாலித்தனம் தெரிந்தது. இஞ்சின் தொலைத்தவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். காத்திவாக்கத்திலிருந்தும் வந்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகள் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் கிழக்கே இழுத்தன. டிரைவர்கள் ரோட்டைத் திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார்கள். அவளுக்கு இரும்பாயி என்று பெயர் வைத்தார்கள், சேலை சாத்தினார்கள், தேங்காய் உடைத்தார்கள். இஞ்சின் கிடைத்தவர்கள் கோழி அறுத்தார்கள். ரத்தத்தை அவள் காலடி மணலில் விட்டார்கள். ஈரலையும் கறியையும் அறுத்தவர்கள் கொண்டுபோய்த் தின்றார்கள். உடம்பில் பாதி ரத்தம் இல்லாத ஒருத்தி, மணல் ரத்தம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாய் ஊறியது. அதற்கு வெட்கப்பட்டாள்.

பால் வற்றத் தொடங்கியது. குழந்தை கத்தியது, கத்தி ஓய்ந்தது. ஓய்ந்த குழந்தை மடியில் கிடக்கும்போது, தான் செத்துவிடுவோம், இதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று சௌமியாவுக்கு முதல் முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. அந்த வாரத்தில்தான் சுகாதார மையத்து நர்ஸ் ஐரீன் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லையே என்று விசாரிக்க வீட்டுக்கு வந்தாள். சௌமியாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளை வேட்டி மாதிரி இருந்தது. "மாத்திர துன்றியா இல்லியா?" என்று கேட்டதற்கு குணசுந்தரி பெருமையோடு முன்னால் வந்தாள்.

"மாத்திர இன்னாத்துக்கு நர்சம்மா? ஆஸ்பத்திரில சொன்ன மாதிரியே இரும்பு குடுத்துகினுதான் கீறோம். தோ பாரு, எவ்ளோ கீது!"

ஐரீன் பார்த்தாள். சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு இரும்பு. அரிவாள்மணை, சங்கிலி, நங்கூரம், மூன்று வீட்டுத் தாழ்ப்பாள்கள், சாண்ட்ராவின் தோசைக்கல். ஐரீனின் காதில் இருந்த கவரிங் கம்மலின் திருகுகூட அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யக்கா, வாய்ல குடுக்க சொன்னா தலமாட்டுல குடுத்துகினு கீறியே! துன்ற இரும்புக்கா. ஈரலு, சுவரொட்டி, கீர, மாத்திர. டீத்தண்ணிய மாத்திர கிட்டவே சேக்காத. இப்ப அதுவும் பத்தாது, நாளிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வா, நரம்புல ஏத்தணும். இப்டியே உட்டா இவ நெஞ்சு நின்னு பூடும்" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பால் கறுப்பாகாதா என்று குணசுந்தரி மெல்லிய குரலில் கேட்டாள். எந்த மாட்டுக்காவது பச்சைப் புல் தின்று பால் பச்சையாக வந்து பார்த்திருக்கிறாயா என்று ஐரீன் திருப்பிக் கேட்டாள். குணசுந்தரி அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அன்று முழுவதும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அறியாமல் செய்தது அதோடு முடிந்தது. அறிந்து செய்தது அன்று சாயங்காலம் தொடங்கியது. டில்லிபாபு நான்கு பேரோடு வந்து வாசலில் நின்றார். நர்ஸ் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் இஞ்சின் இன்னும் வரவில்லை, அது கழிமுகத்தின் நடுவில் கிடந்தது, அவருக்கு அடுத்து இன்னும் இரண்டு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். மருந்து ஏறி ரத்தம் ஊறிவிட்டால் அப்புறம் இரும்பு வராது என்பதை எல்லோரும் கணக்காகப் புரிந்துகொண்டிருந்தார்கள். "தங்கச்சி உசுரு எங்களுக்கும் உசுருதான். அப்பால ராஜ வைத்தியம் பண்ணிக்கலாம்" என்றார் டில்லிபாபு. சௌமியா வெற்றியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஊரோட சேந்து வாய வேணாமா? ஒரே ஒரு வாரம் தாங்க மாட்டியா சௌமி?" என்று கேட்டான்.

செல்போன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து நின்றபோது இருந்த அதே குரல். அவளுக்கு அவன்மேல் அந்த நொடியில் வந்த வெறுப்புக்கு அவளே பயந்துபோனாள். பதில் சொன்னது அடுப்பங்கரையில் இருந்த குணசுந்தரி, அதுவும் அவனிடம் இல்லை. மறுநாள் காலையில், கொழந்தைக்குத் தடுப்பூசி என்று ஊருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பேரனை இடுப்பிலும் மருமகளைத் தோளிலும் தாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். "வாயத் தொறக்காத. நான் பண்ண பாவத்த நான் கயுவிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஐரீன் வந்து காத்திருந்தாள். நரம்பில் இறங்கிய மருந்து பழுப்பாக இருந்தது. ஜன்னல் கம்பித் துருவைத் தண்ணீரில் கரைத்தால் வரும் நிறம். மருந்து பாட்டில் தொங்கிய கம்பி அவள் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மருந்து இறங்க இறங்க நிமிர்ந்தது. சௌமியா அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள், பிள்ளை பெற்றதற்குப் பிறகு முதல் தடவையாக.

திரும்பி வந்து வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தாள். குணசுந்தரி பூண்டுக் குழம்புச் சட்டியோடு பந்தலுக்கு வந்தாள். மேலே பூண்டு மிதந்தது, அடியில் மணி கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய சுவரொட்டி, ஆட்டு மண்ணீரல், கிடந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மாத்திரையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, முகம் துடைத்துவிடுவது போல வாயில் போட்டாள். அம்மனுக்கு முகம் துடைக்கிறார்கள் என்று ஆண்கள் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்கள். மீண்டும் மீண்டும் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை எண்ணூரில் அது ஒன்றாகத்தான் இருக்கும். டில்லிபாபுவின் இஞ்சின் சேற்றைக் கிளப்பிக்கொண்டு வேகமாகத்தான் கிளம்பியது. பாதி தூரம் வந்தது. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு முழம் நகர்ந்தது, அப்புறம் ஒரு சாண், அப்புறம் நின்றுவிட்டது. சாண்ட்ராவின் தோசைக்கல் காலையில் அவள் வீட்டு அடுப்பிலேயே இருந்தது. நின்ற இஞ்சினைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். சேறு விடவில்லை. தண்ணீர் வற்றும்போது இன்றைக்கும் அதைப் பார்க்கலாம், நீர்க்காகம் அதன்மேல் இறக்கை விரித்துக் காயவைக்கும்.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. பந்தலைப் பிரித்தார்கள், நாற்காலியை எடுத்துப்போனார்கள், கொடுத்த சேலையைக்கூட ஒருத்தர் கேட்டு வாங்கிப்போனார். சௌமியாவின் கன்னத்தில் நிறம் வந்தது, பால் வந்தது, பிள்ளை தேறி நடந்து ஓடி பள்ளிக்கூடம் போயிற்று. வெற்றி சொந்தப் படகில் கடலுக்குப் போனான். அவள் அவனுக்குச் சமைத்துப் போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்த ஒரு வாரத்தை மட்டும் மறக்கவில்லை. இரண்டாவது பிள்ளை உண்டாகவில்லையே என்று அவளைக் கண்டால் கரிசனமாகக் கேட்டவர்கள் எல்லோரும் அதற்குள் வேறு எதையாவது கடலில் தொலைத்தவர்களாக இருந்தார்கள்.

அப்புறம் சாண்ட்ரா பிள்ளை பெற்றாள். சௌமியா அப்போது ஊரில் இல்லை, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று குணசுந்தரியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெரம்பூரில் இருந்தாள். திரும்பி வந்தபோது கரையில் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதே நாற்காலியில் சாண்ட்ரா உட்கார்ந்திருந்தாள், உதடு வெளுத்து, எதிரில் வந்து நிற்பது யாரென்று தெரியாமல். முந்தைய மழைக்காலத்தில் வில்சனின் இஞ்சினும் முகத்துவாரத்தில் விழுந்திருந்தது. நர்ஸ் சொன்ன விஷயம் அவனுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஐரீன் அன்றைக்குக் கத்தியது நடுச்சுவர் தாண்டி அவன் வீட்டுக்கும்தான் கேட்டிருந்தது. சௌமியா வீட்டுக்குள் ஓடி, சுவரொட்டிக்கு ஆள் அனுப்பி, ஐரீனுக்குப் போன் போட்டு, மாத்திரையும் பழமுமாகத் திரும்பி வருவதற்குள் வில்சனின் இஞ்சின் கரையேறிவிட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நாற்காலியில் சாண்ட்ராவின் நெஞ்சு நின்றுபோனதை முதலில் பார்த்தவள் சௌமியா. ராயபுரத்தில் அடக்கம் நடந்தது. பெட்டியில் அடித்த ஆணிகள் உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கின, சுத்தி தேவைப்படவில்லை. வில்சன் விழுந்து புரண்டு அழுதது பொய் இல்லை. படகுக்கு சாண்ட்ரா என்று பெயர் எழுதியதும் பொய் இல்லை. படகு நன்றாக ஓடுகிறது.

பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு வந்ததும் பாயில் ஓர் ஊக்கை வைத்துப் பார்ப்பது இப்போது ஊர் வழக்கமாகிவிட்டது. ஊக்கு நகர்ந்தால் ஒரு பக்கம் தொலைந்த இரும்பை இழுக்கக் கயிறு எடுக்கிறார்கள், ஒரு பக்கம் ஈரல் அரிகிறார்கள். இரண்டாவது பக்கத்தில் சௌமியாவும் குணசுந்தரியும் இருக்கிறார்கள். ஐரீன் இப்போதெல்லாம் இரும்பு கொடுங்கள் என்று சொல்வதில்லை. வாய்ல குடுங்க, வாய்ல குடுங்க என்று தன் வாயைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. சௌமியா போகிற வீட்டில் ஊக்கு நகராது என்று அவளை ராசியில்லாதவள் என்கிறார்கள். நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவள் கூப்பிடாமலே போகிறாள்.

போன மாதம் குப்பத்தில் எழில்மொழி என்ற பெண் பிள்ளை பெற்று வந்தாள். ஊக்கு நகர்ந்தது. இரண்டு பருவமாக நங்கூரம் இல்லாமல் இருந்த வெற்றி சேதி கேட்டதும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவன் போய்ச் சேரும்போது எழில்மொழி வீட்டு வாசற்படியில் குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். வழி விடச் சொல்லி அவன் கேட்கவில்லை, அவளும் நகரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுபோனான். மதியம் வீட்டில் அவனுக்குச் சோறு போட்டாள், நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தாள். சில வாரம் கழித்து எழில்மொழியின் பாயில் ஊக்கு வைத்த இடத்திலேயே கிடந்தது. சௌமியா அதை எடுத்துக் குழந்தையின் இடுப்புத் துணியில் குத்தினாள்.